ஆளில்லாத இடத்தில் கொட்டவும்

வெப்ப நாட்டுக்குப் போவதற்கு எது நல்ல பருவம் என்று கேட்கிற யாரும் அந்த நாட்டில் பிறந்தவர்களாக இருக்க மாட்டார்கள். பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. வெயில் அடித்தால் வெயிலில் நிற்போம், மழை பெய்தால் மழையில் நிற்போம். எங்களை யார் கேட்டார்கள்?

ஆனால் என் வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். தூத்துக்குடி புறவழிச்சாலையில் முழுக்கக் கண்ணாடியால் ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் உச்சி மாடியில் 'ஏழாம் பருவம்' சுற்றுலா நிறுவனம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் மனப்பாடம் செய்தோமே, இவர்கள் ஏழாவதாக ஒன்றை விற்கிறார்கள். அது வாடிக்கையாளர் கேட்கிற பருவம். வருகிற தேதியைச் சொன்னால் போதும். அன்றைக்கு வானம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கும்.

அதற்காகத்தான் மேய்ப்பிகள். பருந்து அளவில் பறக்கும் இயந்திரங்கள், கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். மேகத்தை வளைத்துக்கொண்டு, சூடு காட்டி, உப்புத்தூள் தூவி, ஆடு பத்துவதுபோல் பத்திக்கொண்டு போய் வேறு இடத்தில் பெய்ய வைக்கும். பரவலாக ஊருக்கெல்லாம் பெய்ய வேண்டிய மழையை ஒரே இடத்தில் நெருக்கினால் அது மழையாக இருக்காது. வானத்தில் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி விழும். கூடவே இடி, ஒன்றன்மேல் ஒன்றாக. அதனால் சட்டம் ஒன்று போட்டார்கள்: ஆளில்லாத இடத்தில்தான் கொட்ட வேண்டும், அந்த இடத்துக்கு உள்ளூர்ப் பட்டதாரி ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்.

அந்த உள்ளூர்ப் பட்டதாரி நான்தான். பெயர் இசக்கியம்மாள். அலுவலகத்தில் 'ஐசி'. வளிமண்டல அறிவியலில் முதல் வகுப்பு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்கிற தொனியில் அது பாராட்டா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

மேய்ப்பிகள் தூவுகிற உப்பு எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர் அளத்திலிருந்து. அளம் என்றால் உப்பளம். எங்கம்மா சண்முகக்கனி அதில்தான் உப்பு வாருகிறாள், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து. அவள் வாரிய உப்பைத் தூவித்தான் அவள் தலையில் மழையைக் கொட்டத் திட்டம் போட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யோனாஸ் என்று ஒரு வாடிக்கையாளன். வடக்கே எங்கேயோ, பாதி வருடம் பனிக்குள் கிடக்கும் நாடு. அவன் பேசுவதை இயந்திரம் தமிழாக்கிக் கொடுக்கும். அந்த இயந்திரத்துக்கு யார் தமிழ் கற்றுக் கொடுத்தார்களோ, வெள்ளைக்காரன் ஒவ்வொருவனும் பழைய அரசவைப் புலவர்போலப் பேசுவான்.

"மதிப்பிற்குரிய ஆலோசகரே, எம் திருமணத்தைத் தங்கள் கடற்கரையில் நிகழ்த்த விழைகிறோம். வருகை தர உகந்த பருவம் யாதோ?"

"மாசி மாசம் வாங்க. பிப்ரவரி. வானத்துல மேகமே இருக்காது. எதையும் பத்த வேண்டாம்."

"பிப்ரவரி எமக்குப் பனிச்சறுக்குக் காலம். அதைத் துறக்க இயலாது. ஏப்ரல் வசதி. அப்போது எம் ஊர் சேறும் சகதியுமாய்க் கிடக்கும். காணச் சகியாது."

"உங்க ஊர் சேறா கிடக்குன்னு எங்க ஊர் மழையைத் தள்ளி வைக்கணுமா?"

இதை நான் வாய்விட்டுத்தான் கேட்டேன். ஆனால் எங்கள் பேச்சு அப்படியே போகாது. நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சர்க்கரை. நாங்கள் என்ன சொன்னாலும் இனிப்பாக்கித்தான் அனுப்பும். அனுப்பியது என்ன என்று திரையின் அடியில் வரும். இப்போது வந்தது: 'தங்கள் விருப்பமே எங்கள் பருவம்.'

"மிக்க மகிழ்ச்சி" என்றான் யோனாஸ். சூரியன் உதிக்கும் நேரத்தில், நண்டுத்திட்டில் கல்யாணம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும்.

நண்டுத்திட்டு கரைக்கு எதிரே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு. 'மனிதக் கை படாத இயற்கை' என்று விளம்பரம் செய்திருப்பதால் அங்கே ஒரு குச்சிகூட நட மாட்டார்கள். விடியலுக்கு முன் படகில் நாற்காலி போகும், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். அதற்குப் பிறகு விருந்தினர்கள் எல்லோரும் விடுதி அறையில் குளிர்சாதனத்துக்கு அடியில் படுத்துக் கிடப்பார்கள். வெப்ப நாட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வெப்பம் மட்டும் ஆகாது.

இப்போதெல்லாம் சித்திரையிலும் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வருகிறது. யோனாஸ் கேட்ட நாளுக்கும் ஒன்று வந்தது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை, மழையை எங்கே கொட்டலாம் என்று இயந்திரம் கட்டம் போட்டுக் காட்டியது. கட்ட எண், பக்கத்தில் பச்சை விளக்கு, 'ஆளில்லை'. கொட்டும் நேரம்: விடியலுக்குச் சற்று முன்.

நான் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக நிலம். ஓரத்தில் பம்பு செட்டு. போன மாதம் இடி விழுந்து கருகிப்போன பம்பு செட்டு. அப்போது மத்தியானம், யாரும் இல்லை. ஊரில் ஏதோ சாமி குற்றம் என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் அளம்.

மேலாளர் நிரஞ்சனா மேடத்தின் அறைக்குப் போனேன். சென்னைக்காரர். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தத் தெரிந்தவர்.

"மேடம், நாளைக்குக் கொட்டப் போற இடம் உப்பளம். விடியக்காலம் அங்க ஆளிருக்கும். நெறைய பேர்."

அவர் திரையைத் திருப்பிப் பார்த்தார். "படத்துல ஒருத்தரும் இல்லையே."

"படம் எத்தனை மணிக்கு எடுத்தது?"

"எல்லா இடத்துக்கும் உச்சி வெயில்லதான் எடுப்பாங்க. நிழல் விழாது, பளிச்சுன்னு இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை."

"உச்சி வெயில்ல அளத்துல எவளும் நிக்க மாட்டா மேடம். உப்பு மேல வெயில் பட்டா கண்ணு அவிஞ்சு போகும். அதனாலதான் இருட்டோட போயி, வெயில் ஏறுறதுக்குள்ள கரையேறிடுவாங்க. நீங்க படம் எடுக்குற நேரத்துக்கு அவங்க வீட்ல சோறு பொங்கிக்கிட்டு இருப்பாங்க."

"ஓகே. அங்க யாராவது வீடு கட்டி இருக்காங்களா?"

"இல்ல."

"ராத்திரி தங்கறாங்களா?"

"இல்ல. ஆனா..."

"அப்போ அது குடியில்லாத நிலம், ஐசி. வேலைக்கு வர்றவங்க வந்துட்டுப் போறவங்க. சட்டத்துல அவங்களும் நம்ம கெஸ்ட்டும் ஒண்ணுதான். உங்கம்மாவும் ஒரு வகைல டூரிஸ்ட்தான்." சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார்.

"எங்கம்மா நான் பொறக்குறதுக்கு முன்னாடி வந்த டூர் மேடம். இன்னும் அவளுக்கு ரூம் போட்டுக் குடுக்கல."

சிரிப்பு நின்றது. "பாரு, உனக்கு இது பர்சனல்னு புரியுது. அதான் ஒரு நாள் லீவ் போடச் சொல்லேன் அவங்கள."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதே. உன் சீட்டுக்காகக் கீழ வாசல்ல நூறு பட்டதாரி நிக்கறாங்க. எவனாவது போடுவான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும். இந்த இடம் வேண்டாம்னா படத்துல ஆளில்லாத வேற இடம் பாத்துச் சொல்லு, நான் குறுக்க நிக்கலை. ஆனா செலவு இதைவிட ஏறக் கூடாது. கடல்ல கொட்டறேன்னு மட்டும் வந்து நிக்காதே. பவளப்பாறைக்கு நல்ல தண்ணி ஆகாது, தனிச் சட்டம் இருக்கு."

பவளப்பாறைக்கு இருக்கிறது.

மறுபடியும் யோனாஸை அழைத்தேன். மனிதன்தானே, சொன்னால் கேட்பான் என்று ஒரு நப்பாசை.

"நீங்க கேட்ட வானத்துக்காக மழையை உப்பளத்துல கொட்டப் போறாங்க. அங்க பொம்பளைங்க வேலை செய்யுறாங்க. எங்கம்மாவும் அதுல ஒருத்தி. இடி விழும். செத்துப் போவாங்க. தயவுசெஞ்சு ஒரு நாள் தள்ளி வைங்க."

திரையின் அடியில் வந்தது: 'கரையோரம் வெண்மையான உப்பு வயல்கள் உண்டு. உள்ளூர்ப் பெண்கள் அங்கே உழைப்பதைக் காணலாம். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் சிறப்பு.'

"அருமை!" என்றான் யோனாஸ். "அங்கே புகைப்படம் எடுக்க ஏற்ற நேரம் யாதோ?"

அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அம்மா அளத்திலிருந்து வந்து, வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் கால் வெடிப்பில் ஒரு விரல் நுழையும். வேலை நேரத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னட்டி, வேலையை விட்டுத் தூக்கிட்டானுவளா?"

"நாளைக்கு அளத்துக்குப் போவாதம்மா."

"ஏன்?"

"மழை வருது. விடியறதுக்கு முன்னால."

"சித்திரையிலயா? வானத்தைப் பாரு, வெளுத்துப் போய்க் கெடக்கு."

"வரும். எனக்குத் தெரியும். பெரிய மழை."

அம்மா வாளியிலிருந்து காலை எடுத்தாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள். படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஈரக் கையோடு செல்போனை எடுத்தாள்.

"ஏ கொம்பம்மா! நாளைக்கு விடியக்காலம் மழையாம்ட்டி. எம் மவ சொல்லுதா, அவளுக்குத் தெரியும். பாத்தியில கெடக்கதையெல்லாம் வாரிக் கரையேத்திறணும். இன்னும் வெள்ளனப் போவோம். உன் வீட்டுக்காரனையும் எழுப்பிக் கூட்டியா, பொன்னுத்தாயிட்டயும் சொல்லிரு. கீத்து கெடக்கா மூட?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அளத்துக்காரி மகள்தான் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மழை வருகிறது என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். உப்பு வாருகிறவர்கள் மட்டும் அளத்துக்கு ஓடுவார்கள். பாத்தியில் விளைந்து கிடப்பது கரைவதற்குள் வாரிக் குவித்து, ஓலைக் கீற்று போட்டு மூடியாக வேண்டும். ஆட்களைக் காப்பாற்ற வந்தவள் ஆட்களைத் திரட்டிக் கொடுத்துவிட்டேன்.

"அம்மா, போனை வை. இது சும்மா வார மழை இல்ல. கொண்டாந்து கொட்டப் போறாங்க."

"யாரு?"

"கம்பெனி."

"எந்தக் கம்பெனி?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அம்மா பார்த்தாள். அதில் ஒரு சூரியனும் தென்னை மரமும் போட்டிருக்கும்.

"நீ உக்காந்து வேலை பாக்குத கம்பெனியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்காரன் கல்யாணம், மேய்ப்பி, உச்சி வெயில் படம், பம்பு செட்டு. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கத்தினால் சமாளித்துவிடுவேன்.

"நீ பொத்தானை அமுக்காட்டா கொட்ட மாட்டானா?"

"வேற ஆளை வச்சு அமுக்குவான்."

"பெறவென்ன? நான் போவாட்டா கங்காணியும் வேற ஆளைத்தான் விடுவான். உனக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

"இடி விழும்மா. வாருபலகையைத் தூக்கிட்டு நிக்கிற ஆள்தான் அங்க உசரம். உன் தலையிலதான் விழும்."

"விழட்டும். வெளஞ்ச உப்பு கரையுததைப் பாத்துக்கிட்டு வீட்டுல ஒக்காந்திருக்க முடியாது." பிறகு காலைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மழை எப்ப வரும்னு சொல்லத்தான் நீ படிக்கன்னு நெனச்சேன். மழையை ஏவி விடவா படிச்சே, ஏட்டி?"

வாசலில் செருப்பை மாட்டும்போது கொம்பம்மா அக்கா சத்தம் தெருமுனையில் கேட்டது. யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மழையாம், மழையாம் என்று தெரு முழுக்க ஒரே பரபரப்பு. கல்யாண வீடுபோல.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து வரைபடத்தை விரித்தேன். ஆளில்லாத வேறு இடம் வேண்டும். பச்சை விளக்குக்குப் பஞ்சமே இல்லை. மாவட்டம் முழுக்கப் பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு கருவேலங்காடு. ஆளில்லை என்றது படம். எனக்குத் தெரியும், கரிமூட்டம் போடுகிறவர்கள் பொழுது சாய்ந்தால் அங்கே வந்து மூட்டத்துக்குக் காவல் கிடப்பார்கள். அடுத்து, வறண்ட ஒரு கண்மாய். ஆளில்லை. கோடையில் கிடை போடுவது அங்கேதான், ஆடுகளோடு ஆட்களும். அதற்கடுத்து ஒரு தேரிக்காடு, செம்மணல் மேடு. ஆளில்லை. பனையேறிகள் விடியலில் மரத்து உச்சியில் இருப்பார்கள். உச்சி வெயிலில் இவர்களில் ஒருவர்கூட வெளியே நிற்க மாட்டார்கள். நிற்க முடியாது. இந்த நாட்டில் அந்த நேரத்தில் எவன் வெளியே நிற்பான்? வானத்திலிருந்து பார்த்தால் இந்த மாவட்டத்தில் மனிதர்களே கிடையாது.

அப்படி நினைத்தபோதுதான் அது தோன்றியது. வரைபடத்தைக் கடலோரத்துக்கு நகர்த்தினேன்.

நண்டுத்திட்டு. உச்சி வெயிலில் எடுத்த படம். நாற்காலி இல்லை, குடை இல்லை, குச்சி இல்லை. விருந்தினர்கள் குளிரூட்டிய அறையில் போர்வைக்குள். மனிதக் கை படாத இயற்கை. பக்கத்தில் பச்சை விளக்கு: 'ஆளில்லை'.

எங்கிருந்து மழையை அகற்ற வேண்டுமோ அந்தக் கட்ட எண்ணையே, எங்கே கொட்ட வேண்டும் என்ற இடத்திலும் போட்டேன். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. மேகத்தை நண்டுத்திட்டிலிருந்து நண்டுத்திட்டுக்குப் பத்த வேண்டும். தூரம்: இல்லை. நெருக்க வேண்டிய தேவை: இல்லை. செலவு: இல்லை. 'இதுவரை கிடைத்ததில் மிகச் சிறந்த தேர்வு' என்று வந்தது. எத்தனை பேர் படித்துப் படித்துச் செய்த இயந்திரம்! இப்படி ஒருத்தி கேட்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதாவது மழை எங்கே பெய்ய இருந்ததோ அங்கேயே, எப்படிப் பெய்ய இருந்ததோ அப்படியே பெய்யும். நான் செய்தது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

நிரஞ்சனா மேடம் பையை மாட்டிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தார். திரையில் பச்சை விளக்கையும் செலவையும் பார்த்தார். கட்ட எண்ணை அவர் பார்க்கவில்லை. எண்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான், எங்கள் ஊர்கள்போல.

"குட் கேர்ள்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் இருட்டோடு நானும் அளத்துக்குப் போனேன். இயந்திரத்தை நான் நம்பவில்லை. யாராவது கடைசி நேரத்தில் மாற்றியிருந்தால்? விழுந்தால் என் தலையிலும் விழட்டும் என்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கையில் ஒரு கூடையைத் தந்தாள்.

தெருவே அங்கே இருந்தது. புருஷன்மார்கள் தூக்கக் கலக்கத்தோடு திட்டிக்கொண்டே கூடை சுமந்தார்கள். கொம்பம்மா அக்கா என்னைப் பார்த்ததும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க ஆபீசரம்மா. மழையை எங்க ஒளிச்சு வச்சிருக்கிய? நாங்க வாரி முடிச்சாச்சு, அவுத்து விடுங்க."

"சும்மா இருங்கக்கா."

"எம் புருசன் கல்யாணம் கட்டுன நாள்லருந்து இன்னிக்குத்தான் இம்புட்டு வெள்ளன எந்திச்சிருக்கான். அதுக்கே உனக்குப் பொங்கல் வைக்கணும்."

கடைசிக் குவியலுக்குக் கீற்று போடும்போது கிழக்கே மேகம் வந்தது. கடலுக்கு மேலே கறுப்பாக, மெதுவாக. அதைச் சுற்றி மேய்ப்பிகளின் சிவப்பு விளக்குகள் மினுங்கின. விளக்குகள் மேகத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன. இன்னொரு வட்டம். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்ததை அவள் தட்டிவிட்ட பிறகுதான் கவனித்தேன்.

"கீத்தைப் பிடிட்டி, காத்து தூக்குது."

விளக்குகள் விலகின. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவை கரைக்குத் திரும்பிவிட்டன. மேகம் இருந்த இடத்திலேயே உடைந்தது. நண்டுத்திட்டின் மேல் சாம்பல் நிறத் திரை இறங்குவது அளத்திலிருந்தே தெரிந்தது. தூரத்தில் ஒரு இடி, சோம்பேறி இடி. எங்கள் மேல் தூறல் விழுந்தது. மூடியிருந்த கீற்றின் மேல் பொட்டுப் பொட்டாகச் சத்தம்.

அம்மா உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். "இதுக்கா என் உசுரை எடுத்தே?"

"ஆமா" என்றேன்.

அலுவலகத்துக்குப் போய் மேசையிலிருந்த என் தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் நிரஞ்சனா மேடத்தின் அறைக்குள் நுழைந்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். யோனாஸ். தலை நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டி, பல் முழுக்கத் தெரிய.

"மதிப்பிற்குரிய ஆலோசகரே! இத்தகைய மழையை யாம் கண்டதேயில்லை. வெதுவெதுப்பான மழை! விருந்தினர் அனைவரும் காலணி களைந்து ஆடினர். எம் மாமனார் அழுதார். வெப்ப நாட்டுக்கு வருகை தர உகந்த பருவம் மழைப் பருவமே என உலகுக்கு உரைப்பேன்."

"ஐசி, யூ ஆர் அ ஜீனியஸ்" என்றார் மேடம். "நீ இப்படி ஒண்ணைப் பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்லை. காலைலேர்ந்து எத்தனை பேர் கேட்டுட்டாங்க தெரியுமா? எல்லாருக்கும் அந்த மழைதான் வேணுமாம். ஐப்பசிலேர்ந்து திட்டுல தினமும் விடியற்காலம் மழை. நாம இனிமே வெயிலை மட்டும் விக்கப் போறதில்லை."

"தினமும் மழைக்கு எங்க போவீங்க?"

"பெய்யற இடத்துலேர்ந்து பத்திண்டு வரணும். எடுக்கற இடமும் படத்துல ஆளில்லாம இருக்கணும், பார்த்து வச்சிருக்கேன்." வரைபடத்தில் விளாத்திகுளம் பக்கம் ஒரு பெரிய கட்டம் பச்சையாக இருந்தது. "எவ்வளவு பெரிய இடம் பாரு. ஒரு ஈ காக்கா இல்லை. இங்க பெய்யற மழை யாருக்கும் பிரயோஜனமே இல்லாம வீணாப் போகுது."

கரிசல் காடு. மழையை மட்டும் நம்பி விதைக்கிற பூமி. போன சித்திரையில், அறுப்பு முடிந்து தரை வெடித்துக் கிடந்த நேரத்தில், உச்சி வெயிலில் எடுத்த படம்.

அதைச் சொல்லிப் பயனில்லை. நேற்றுத்தான் இந்த அறையில் பேசிப் பார்த்தோம். இந்த அறையில் என் பேச்சுக்குச் சர்க்கரை போட இயந்திரம்கூடத் தேவையில்லை, அவர் காதே போட்டுக்கொள்ளும்.

"இப்பவே கையெழுத்துப் போடணுமா மேடம்?"

"அவசரம் இல்லை. இந்த மாசக் கடைசில புதுப் படம் எடுக்கறாங்க. அது வந்ததும் போட்டாப் போதும்."

"மாசக் கடைசில என்னைக்கு?"

"கடைசி வெள்ளிக்கிழமை. ஏன்?"

"சும்மாதான்."

என் மேசைக்கு வந்து பாட்டிலையும் தூக்கையும் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். வேலையை விடுகிற எண்ணம் இப்போது இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கொம்பம்மாக்கா தங்கச்சியை விளாத்திகுளம் பக்கம்தானே கட்டிக் குடுத்திருக்கு?"

"ஆமா, ஏன்?"

"அவங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் எல்லார்ட்டயும் சொல்லச் சொல்லு. நம்ம தெருவுலயும் சொல்லு. கரிமூட்டம் போடுறவங்க, பனையேறுறவங்க, கிடை போடுறவங்க, யார் யாரைத் தெரியுமோ அத்தனை பேர்ட்டயும். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுதுக்கு, அவங்கவங்க வேலை பாக்குற இடத்துல வந்து நிக்கணும். நீங்க எல்லாரும் அளத்துல நில்லுங்க."

"உச்சிப் பொழுதுக்கா? கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. அந்த வெயில்ல எவ வந்து நிப்பா? என்ன வேலை அங்க?"

"வேலை ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கணும். மேல இருந்து படம் எடுக்கான்."

அந்தப் பக்கம் வாளித் தண்ணீர் சளக்கென்று கேட்டது.

"சரி" என்றாள் அம்மா. "குடையாவது பிடிச்சுக்கிடலாமா?"

"வேண்டாம்மா. தலை தெரியணும்."